பதினைந்து வீடுகள்

எனக்குக் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபர்கைரனேயில் என் அம்மா வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். கல்யாணம் ஆகி தாராவிக்கு வந்த முதல் வாரத்திலேயே புகுந்த வீட்டிலும் தெரிந்துபோயிற்று. ஆனால் நான் பதினோரு மாதம் விடாமல் கோபப்பட்டது ஒரு வீடியோ கேமின் மேல் என்றால் என்னைப் பெற்றவளே நம்ப மாட்டாள்.

என் கணவர் ஜோசப்ராஜுக்கு நைன்ட்டி ஃபீட் ரோட்டில் பலசரக்குக் கடை. கடைக்குப் பின்னால் ஒரு அறை, அதற்கு மேலே ஒரு அறை, அவ்வளவுதான் வீடு. மாமா, ரோஸி அத்தை, நாங்கள் இருவர், என் கொழுந்தன் கிறிஸ்டோ, ஆக ஐந்து பேர். கிறிஸ்டோவுக்கு இருபத்தாறு வயது. பேச்சு குறைவு. டாக்டர்கள் அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அத்தையைக் கேட்டால், "அவன் ஒரு மாதிரிப் பிள்ளை, அம்புட்டுதான்" என்பாள்.

கடையில் பருப்புப் பொட்டலம் போடுவது அவன் வேலை. அரைக் கிலோ என்றால் தராசில் ஐந்நூறு என்று வர வேண்டும். ஐந்நூற்று ஒன்று வந்தால் ஒரு சிட்டிகை எடுப்பான், நானூற்றுத் தொண்ணூற்றொன்பது வந்தால் நாலு பருப்பு போடுவான். வாசலில் கூட்டம் நின்று "அரே ஜல்தி கரோ" என்று அவசரப்படுத்திக் கத்தினாலும் அவனுக்குக் காது கேட்காது. ஒருவரையும் ஏமாற்றவும் மாட்டான், ஒருவருக்கும் கொசுறும் போட மாட்டான். முகதாட்சண்யத்துக்காக எதையும் செய்யத் தெரியாத பிள்ளை.

அவனிடம் ஒரு பழைய வீடியோ கேம் பெட்டி இருந்தது. தாணேயில் இருக்கும் அவன் அக்கா ஜெபசெல்வி, தன் முதல் சம்பளத்தில் செகண்ட்ஹேண்டாக வாங்கிக் கொடுத்தது. அப்போது அவனுக்குப் பதினான்கு வயதாம். அன்றிலிருந்து அதில் ஒரே ஆட்டத்தைத்தான் ஆடுகிறான். ஒரு தீவு, அதில் ஒரு குடிசை, குடிசைக்கு முன்னால் கொஞ்சம் மண். விதை போட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். காய்த்தால் விற்கலாம். விற்ற காசில் வேலி போடலாம், ஓடு வேயலாம், தென்னை வைக்கலாம், கடைசியில் படகுகூட வாங்கலாம். ஜெயிப்பது தோற்பது எதுவும் கிடையாது. ஒருநாள் தண்ணீர் ஊற்றாவிட்டால் செடி வாடும், அவ்வளவுதான் வில்லத்தனம்.

இந்தத் தீவெல்லாம் பெட்டிக்குள் இருப்பதில்லை. தீப்பெட்டி அளவில் ஒரு மெமரி கார்டு, பெட்டியின் முன்பக்கத்தில் செருகுவது, அதில்தான் இருக்கிறது. அந்தக் கார்டில் பதினைந்து இடம். ஒரு இடத்துக்கு ஒரு தீவு. கிறிஸ்டோ பன்னிரண்டு வருடமாக அதில் பதினைந்து பேருக்கு வீடு வைத்து வாழவைத்துக்கொண்டிருந்தான்.

தினமும் மாலை ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். மாமா கண்ணை மூடி, ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஆண்டவரிடம் ஒப்புக்கொடுப்பார். ஆமென் சொன்னதும் கிறிஸ்டோ டிவியைப் போடுவான். ஒவ்வொரு தீவாகத் திறந்து மூன்று நிமிடம் தண்ணீர் ஊற்றுவான். முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை அத்தை சீரியல் கேட்க மாட்டாள். அவளுக்கு அதுவும் ஜெபத்தில் சேர்த்தி.

வந்த இரண்டாவது வாரம் நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"இது யாரு வீடு?"

"அப்பா."

"இது?"

"அம்மா."

அண்ணன், அக்கா, அத்தான், அக்காவின் இரண்டு பிள்ளைகள். சபைப் போதகர். பக்கத்து வீட்டு நூர் நிஷா. செம்பூரில் அவனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த மாலதி டீச்சர். முனையில் வடாபாவ் போடும் பாண்டுரங். மாதம் இரண்டு முறை அரிசி மூட்டை கொண்டுவரும் லாரி டிரைவர். ஆறு வருடத்துக்கு முன்னால் செத்துப்போன நாய் டைகர். எதிர் வீட்டுக் கிளி. கிளிக்குக்கூட வேலி போட்ட வீடு! பதினைந்தாவது அவனுடையது. பார்த்து அசந்துபோனேன். முதன்முதலில் கட்டிய வீடு அது, அதனால் கார்டில் முதல் இடத்தில் இருந்தது. இரண்டு மாடி, சுற்றிலும் தென்னந்தோப்பு, கரையில் நீலப் படகு. அந்தப் படகுக்கு மட்டும் நாலு வருடம் காய் விற்றானாம்.

"என் வீடு எங்கடா?" என்றேன் சிரித்துக்கொண்டே.

"இடமில்ல, மைனி."

சொல்லிவிட்டு டிவியை அணைத்தான். அவ்வளவுதான். ஒரு 'அப்புறம் பார்ப்போம்' கிடையாது. எனக்குச் சுருக்கென்றது.

மாடியில் போய் என் கணவரிடம் பொரிந்து தள்ளினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏட்டி, வீடியோ கேமுல வீடு இல்லன்னா மூக்கச் சிந்துத?"

"உங்களுக்கு வீடு இருக்கு, நீங்க சிரிப்பீங்க. அந்தக் கிளிக்கு வீடு இருக்கு. நான் தினம் அவனுக்குச் சோறு போடுதேன்."

"போன வாரந்தான வந்த? கிளி வந்து எட்டு வருசமாச்சு."

அவருக்குப் புரியவில்லை. உண்மையைச் சொன்னால் அப்போது எனக்கும் சரியாகப் புரியவில்லை. அந்த வீட்டில் எல்லோரும் என்னிடம் நல்லவர்கள்தான். அத்தை எனக்கு மீன் துண்டில் நடுத்துண்டு வைப்பாள். மாமா என் முன்னால் சட்டை போடாமல் உட்கார மாட்டார். எல்லாம் விருந்தாளிக்குச் செய்வது. முதல் மாதம் ஜெபத்தில் என் பெயர் வரவேண்டிய இடத்தில் மாமா ஒரு நொடி தடுமாறி, "வந்திருக்கிற பிள்ளைய ஆசீர்வதியும்" என்றார். பெயர் மறந்துபோயிற்று, பாவம், பெரிய மனுஷன். மறுநாளிலிருந்து ஜாக்குலின் என்று தவறாமல் சொன்னார். ஆனால் எனக்கு அந்த 'வந்திருக்கிற பிள்ளை' போகவில்லை. மற்றவர்கள் மரியாதைக்குச் செய்வார்கள். கிறிஸ்டோவுக்கு மரியாதை என்றால் என்னவென்றே தெரியாது. அவன் ஒரு வீடு கொடுத்தால், நான் அந்த வீட்டு ஆள் என்று அர்த்தம். எனக்கு அது வேண்டியிருந்தது.

பத்து மாதத்துக்கு மேல் இப்படியே புகைந்துகொண்டிருந்த பிறகு, இடம்தானே பிரச்சினை, இடத்தைப் பெரிதாக்கிவிட்டால் போயிற்று என்று முடிவு செய்தேன். போனில் இடமில்லை என்றால் பெரிய கார்டு போடுகிறோம் இல்லையா? நான் செம்பூரில் ஒரு மெடிக்கலில் வேலை பார்க்கிறேன். ரத்த அழுத்த மாத்திரை வாங்க வரும் வைத்தீஸ்வரன் என்ற மாட்டுங்காக்காரர் டெலிபோன் இலாகாவில் ரிடையர் ஆனவர், பழைய வீடியோ கேம் பெட்டிகளைத் தேடித் தேடிச் சேர்ப்பவர். விஷயத்தைச் சொன்னதும் சனிக்கிழமை பெட்டியைத் தன் வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னார்.

பெட்டியைத் தனியாக அனுப்ப கிறிஸ்டோ சம்மதிக்கவில்லை. அவனே மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தான். கண்டக்டர் கீழே வைக்கச் சொன்னபோது அவரை முறைத்த முறைப்பில் அவர் நகர்ந்துபோய்விட்டார்.

வைத்தீஸ்வரன் பெட்டியைத் திருகாணி கழற்றிப் பார்த்தார். முன்பக்கத்தில் கார்டு போட இரண்டு வாய் உண்டு. அதில் ஒன்று இரண்டாயிரத்துப் பதினேழு மழையில் கடைக்குள் தண்ணீர் புகுந்தபோது துருப்பிடித்து விட்டிருந்தது.

"இது போனது போனதுதான், உள்ளே கம்பியே அரிச்சுடுத்து," என்றார். "ஆனா என்கிட்டே ஒரு பெரிய கார்டு இருக்கு. அறுபது இடம். எடுத்துண்டு போங்கோ, எனக்கு அது சும்மாத்தான் கிடக்கு."

அறுபது! எனக்கு வாயெல்லாம் பல். "பாத்தியாடா, இன்னும் நாப்பத்தஞ்சு பேருக்கு வீடு கட்டலாம்," என்று கிறிஸ்டோவின் முதுகில் தட்டினேன்.

"கொஞ்சம் இருங்கோம்மா," என்றார் அவர். "கார்டுல அறுபது வெச்சாலும் பொட்டிக்குப் பதினஞ்சுதான் எண்ணத் தெரியும். அதைப் பண்ணினவா அப்படிப் பண்ணிட்டா. அதனால இந்தக் கார்டு பக்கம் பக்கமா இருக்கும். ஒரு பக்கத்துக்குப் பதினஞ்சு. இந்தப் பொத்தானை அமுக்கினா அடுத்த பக்கம். ஒரு பக்கம் தெரியறச்சே மத்த பக்கம் இருக்கறதே பொட்டிக்குத் தெரியாது."

"அதனால என்ன சார்? அமுக்கிக்கிட்டாப் போச்சு."

அவர் தன்னிடமிருந்த வேறொரு பெட்டியில் வைத்துப் பதினைந்து தீவுகளையும் முதல் பக்கத்தில் நகல் எடுத்தார். பொத்தானை அமுக்கினார். திரை காலியானது. இரண்டாவது பக்கத்தில் முதல் இடத்தில் என் பெயரைப் போட்டு ஒரு புதுத் தீவு ஆரம்பித்தார். பதினைந்து கட்டங்களில் ஒரு கட்டத்தில் மட்டும் என் குடிசை. எனக்கு அந்த நிமிடம் மனசு நிறைந்துபோனது.

கிறிஸ்டோ திரைக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

"அம்மா எங்க?"

"அடுத்த பக்கத்துல இருக்காங்கடா."

"அண்ணன்?"

"அவங்களும் அங்கதான். எல்லாரும் பத்திரமா இருக்காங்க. இந்தா பாரு, அமுக்குதேன்."

அமுக்கினேன். அவர்கள் வந்தார்கள், நான் போய்விட்டேன். மறுபடி அமுக்கினேன். நான் வந்தேன், அவர்கள் போய்விட்டார்கள். அவன் வெறுங்கட்டங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தான். பதினாலு கட்டம்.

"மைனி ஒத்தையில இருக்காவ," என்றான். "வேண்டாம்."

கார்டைப் பிடுங்கி வைத்தீஸ்வரன் கையில் கொடுத்தான். பழைய கார்டைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டான். அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நானும் பஸ்ஸில் வழிநெடுகச் சொல்லிப் பார்த்தேன், கடைசியில் கத்தியும் பார்த்தேன். சயான் சிக்னலில் பக்கத்து சீட்டு அம்மா, "ஜானே தோ பேட்டி" என்று எனக்குச் சமாதானம் சொன்னாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். என்னை ஒரு பக்கத்தில் தனியாக விட மனசில்லாமல்தான் வேண்டாம் என்றான் என்பது எனக்கு அன்றைக்கு உறைக்கவேயில்லை. கோபக்காரிக்கு எது உடனே உறைக்கும்?

அதற்கப்புறம் நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமாவும் அத்தையும் என் கணவரும் தாணேக்கு ஜெபசெல்வி வீட்டுக்குப் போயிருந்தார்கள். தலைவலி என்று நான் வரவில்லை. கிறிஸ்டோ பக்கத்தில் நூர் நிஷா வீட்டில் இருந்தான். நான் டிவியைப் போட்டேன், பெட்டியைப் போட்டேன், கார்டில் இருப்பதை அழிக்கும் இடத்துக்குப் போனேன். பதினோரு மாதம் பார்த்த பழக்கம், எந்தப் பொத்தான் என்று எனக்குத் தெரியும்.

செத்துப்போன நாய்க்கு எதற்கு வீடு? ஆறு வருடமாகிறது. அதற்குத் தெரியவா போகிறது?

டைகரின் கட்டத்தில் வைத்து அமுக்கினேன். 'அழிக்கவா?' என்று கேட்டது. ஆம், இல்லை என்று இரண்டு. அமுக்கும் முன் ஒருதரம் பார்த்துவிடலாம் என்று வெளியே வந்து அந்தத் தீவைத் திறந்தேன். ஏன் திறந்தேனோ. மற்ற எல்லா வீட்டிலும் வேலி உயரமாக இருந்தது. டைகர் வீட்டில் மட்டும் குட்டை வேலி, நாய் தாண்டிப் போய்வருவதற்காக. வாசலில் நிழலுக்கு ஒரு மரம். மண் ஈரமாக இருந்தது. நேற்று மாலையும் ஊற்றியிருக்கிறான்.

மறுபடி அழிக்கும் இடத்துக்குப் போனேன். 'அழிக்கவா?' விரல் பொத்தானில் இருந்தது. அமுக்க முடியவில்லை. எடுக்கவும் மனமில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"டைகர் கடிக்க மாட்டான், மைனி."

வாசலில் கிறிஸ்டோ நின்றிருந்தான். கையில் நூர் நிஷா கொடுத்த சேமியாக் கிண்ணம். எவ்வளவு நேரமாக நின்றானோ தெரியாது. திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் அந்த நாய்க்குப் பயந்துபோய்த்தான் இதைச் செய்கிறேன் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. கையிலிருந்த கேம் ரிமோட்டைப் போட்டுவிட்டு மேலே ஓடிப்போய் அழுதேன். அப்படி ஒரு வெட்கம் என் வாழ்க்கையில் எனக்கு வந்ததில்லை. இவனிடமா நான் வீடு கேட்டேன் என்று இருந்தது.

ராத்திரி எல்லோரும் வந்தார்கள். அவன் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமையும் சொல்லவில்லை. நான் அவன் முகத்தைப் பார்க்காமல் சோறு போட்டேன். ஜெபம் முடிந்ததும் சமையல் பக்கம் ஒதுங்கிக்கொண்டேன். வீட்டு ஆசையே எனக்கு விட்டுப்போயிருந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை. ஜெபம் முடிந்து டிவி ஓடும் சத்தம் கேட்டது. நான் உள்ளே சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தேன்.

"மைனி! வாங்க."

கிறிஸ்டோ யாரையும் கூப்பிட மாட்டான். தேவையென்றால் வந்து பக்கத்தில் நிற்பான், நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும். அத்தைகூட நிமிர்ந்து பார்த்தாள். நான் மாவுக் கையோடு போனேன்.

திரையில் ஒரு தீவு. வெறும் மண். தகரக் கூரை போட்ட ஒரு சின்னக் குடிசை. முன்னால் ஒரே ஒரு விதை போட்ட குழி. மேலே மூலையில் என் பெயர்.

"மைனி வீடு," என்றான்.

"அத்தை! எனக்கு வீடு! இங்க வந்து பாருங்க!" என்று கூவினேன். என் கணவர் கடையிலிருந்து எட்டிப் பார்த்தார். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். இருபத்தெட்டு வயதுப் பொம்பளை ஒரு தகரக் குடிசைக்குக் குதிக்கிறாளே என்று அவர்களுக்கு இருந்திருக்கும். இருக்கட்டும்.

அப்புறம்தான் உறைத்தது. பதினைந்துக்கு மேல் ஒன்றுகூட ஏறாதே! அப்படியென்றால் யாரோ போயிருக்கிறார்கள்.

ஐயோ டைகர்! என்னால்தான். நான் அன்றைக்கு அந்தக் கட்டத்தில் விரலை வைத்ததைப் பார்த்தானே.

"கிறிஸ்டோ, டைகரை எடுத்துட்டியாடா? எனக்கு வேண்டாம்டா, திரும்ப வச்சிரு, எனக்கு வீடே வேண்டாம்."

அவன் கார்டின் கட்டங்களைக் காட்டினான். டைகர் இருந்தான். கிளி இருந்தது. லாரி டிரைவர், பாண்டுரங், மாலதி டீச்சர், நூர் நிஷா, போதகர், எல்லோரும் இருந்தார்கள். நான் விரல் விட்டு எண்ணினேன். அக்கா, அத்தான், பிள்ளைகள், அண்ணன், அம்மா, அப்பா. யாரும் போகவில்லை. பதினாலு பேர். பதினைந்தாவது நான், முதல் கட்டத்தில்.

அதுவரை முதல் கட்டத்தில் இருந்தது தென்னந்தோப்பு. நீலப் படகு.

என் கணவருக்கு எனக்கு முன்னாலேயே புரிந்துவிட்டது. "லே, உன் வீடு எங்கல?" என்றார்.

"எடுத்துட்டேன்."

அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். "ஏ பாவிப் பயலே, பன்னிரண்டு வருசம்லா! காய்ச்சல் அடிச்ச அன்னிக்குக்கூட எந்திரிச்சு உக்காந்து தண்ணி ஊத்துவியேல!" என்று அழ ஆரம்பித்தாள். மாமா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். நான் மாவுக் கையோடு வைத்தீஸ்வரனுக்கு போன் போட்டேன். திரும்பக் கொண்டுவர வழி உண்டா, எவ்வளவு ஆனாலும் சரி என்றேன். பெரிய கார்டில் எடுத்த நகலை நீங்கள் வேண்டாம் என்று போனதுமே அழித்துவிட்டேன், பழைய கார்டில் அதன் மேலேயே புதுசு எழுதியாயிற்று என்றால் ஒன்றும் மிச்சமிருக்காதும்மா, என்றார்.

எனக்கு வந்ததே கோபம். இத்தனை வருடத்தில் வந்த கோபமெல்லாம் கோபமே இல்லை. "உனக்குக் கிறுக்காடா பிடிச்சிருக்கு? யாராவது தன் வீட்ட இடிச்சு அடுத்தவளுக்குக் கொடுப்பானா? நான் கேட்டேன்னா கொடுத்திருவியா? நான் கோவக்காரி, ஆயிரம் கேப்பேன்! நீ எங்கடா இருப்ப இனிமே? எல்லாருக்கும் வீடு இருக்கு, கிளிக்கு வீடு இருக்கு, உனக்கு எங்கடா வீடு?" என்று அழுதுகொண்டே கத்தினேன். மாவு அவன் சட்டையெல்லாம் ஆனது.

கிறிஸ்டோ சட்டையில் ஒட்டிய மாவைத் தட்டிவிட்டான். என் தீவை மறுபடி திறந்தான். திரையில் குடத்தை எடுத்துக்கொண்டு அந்த ஒற்றைக் குழிக்குப் போனான்.

"நான்தான மைனி எல்லார் வீட்டுலயும் தண்ணி ஊத்துதேன்," என்றான்.